கோடு போட்ட சொல்: ஒரு த்ரெட்டை நிறுத்தக் கற்றுக்கொண்ட வரலாறு

போன மழைக்காலத்தில் நாங்கள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். ஹட்டன் பக்கத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து எடுக்கிற ஓர் இடம். பின்னேரம் நாலு மணிக்கு மேல ஆட்கள் கூடையும் சாக்குமாக வந்து வரிசையில் நிற்பார்கள். தராசில் வைத்துப் பார்த்து, கொப்பியில் பேரை எழுதி, ஆளுக்கு ஒரு துண்டில் கிலோவைக் குறித்துக் கொடுப்பார்கள். அந்தக் கொப்பியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, பிளேன்டீ உண்டு.

ஜாவாவில் எழுதினோம். எங்களுக்கு ஓரளவு தெரிந்தது அதுதான். ஒரு த்ரெட் தராசிலிருந்து எடையை வாங்கி வரிசையில் போடும். இன்னொரு த்ரெட் அதை எடுத்து இரண்டு இடத்தில் எழுதும்: முதலில் அன்றைய மொத்தத்தில், பிறகு கொண்டுவந்தவருடைய கணக்கில். கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. த்ரெட் என்றால் ஒரே புரோகிராமுக்குள்ளே தனித்தனியாக ஓடுகிற ஒரு வேலை ஓட்டம். தமிழில் இழை என்று எழுதுகிறார்கள். ஒரே குசினியில் நாலு பேர் நாலு கறி வைக்கிற மாதிரி. சட்டி, கத்தி, உப்பு எல்லாம் பொது. அதனால் ஒருத்தர் உப்புப் போத்தலை எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. பூட்டை வைத்திருப்பவர் வேலையை முடித்து விடும்வரை மற்ற யாரும் அந்தப் பொருளைத் தொட மாட்டார்கள்.

எங்கள் இரண்டாவது த்ரெட்டுக்கு வேர்க்கர் என்று பேர் வைத்திருந்தோம். உலகம் முழுக்க அப்படித்தான் வைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பேரை டைப் அடிக்கும்போது கை ஒரு நிமிஷம் நிற்கும் என்பதை அந்தப் பேரை முதலில் வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பின்னேரம் முடிந்ததும் 'மூடு' பட்டனை அழுத்தினால் வேர்க்கர் நிற்க வேண்டும். எப்படி நிறுத்துவது? தேடிப் பார்த்தால் ஸ்டொப் என்றே ஒரு கட்டளை இருந்தது. வேறென்ன வேண்டும்? எழுதினோம். எழுதியவுடனே எடிட்டர் அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டியது. பழைய லேப்டொப், ஜாவா 8. கோடு இருந்தாலும் புரோகிராம் ஓடியது. "ஓடுதுதானே" என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது வாரம் ஓர் அக்கா கையில் துண்டோடு வந்தார். துண்டில் 14 கிலோ. எங்கள் கணக்கில் அன்றைக்கு அவர் பேரில் ஒன்றுமே இல்லை. அன்றைய மொத்தத்தில் மட்டும் அந்த 14 கிலோ இருந்தது. கொப்பியும் துண்டும் இருந்ததால் அவர் காசு தப்பியது. இல்லாவிட்டால்? நாள் அளவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே வேலையை எங்கள் கையாலேயே, யாரும் சொல்லாமலேயே செய்திருக்கிறோம். அன்றைக்கு ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை.

(துண்டு என்ற சொல்லுக்கு எங்கள் பூட்டன்மார் காலத்தில் வேறு பொருள் இருந்தது. ஓர் ஆளின் கடனை எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் அவரைச் சேர்க்காது. 1921-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அது தனிக் கட்டுரை, வேறொரு நாள் எழுதுவோம்.)

அந்தக் கோட்டைப் போட்டது யார், ஏன் போட்டார்கள் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. த்ரெட்டை மொழிக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததுதான் அதன் பெருமைகளில் ஒன்று. தொடங்க ஒரு கட்டளை, நிறுத்த ஒரு கட்டளை, இடையில் உறைய வைக்க ஒன்று, மறுபடி எழுப்ப ஒன்று. டேப் ரெக்கோர்டர் பட்டன் மாதிரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் தாங்கவில்லை. 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் சன் நிறுவனமே அந்த ஸ்டொப்பையும் சஸ்பென்ட்டையும் ரெஸ்யூமையும் "பாவிக்காதீர்கள்" என்று அறிவித்தது. ஏன் என்று விளக்கி ஒரு தனிக் குறிப்பும் போட்டது. எங்கள் எடிட்டர் போட்ட கோடு அந்தக் கோடுதான். எங்களில் பலர் பிறப்பதற்கு முன்னாலேயே போட்டது.

காரணம் என்ன? ஸ்டொப் என்று சொன்னதும் அந்த த்ரெட் எந்த வரியில் நின்றாலும் அந்த இடத்திலேயே த்ரெட்டெத் என்ற ஒரு பிழை அதற்குள் வெடிக்கும். வேலை அறுந்துவிடும். அறுந்துபோகும்போது அது வைத்திருந்த பூட்டுகள் எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். பூட்டு திறப்பது நல்லதுதானே என்று நாங்களும் நினைத்தோம். அங்கேதான் பிடி இருக்கிறது. பூட்டு என்பது "உள்ளே வேலை பாதியில் இருக்கு, யாரும் பார்க்காதீங்க" என்கிற பலகை. வேலை பாதியில் இருக்கும்போதே பலகையை மட்டும் கழற்றிவிட்டால், வெளியே காத்திருக்கிற ஆள் உள்ளே வந்து அரைகுறையை முழுசு என்று நினைத்து எடுத்துக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டில் நடந்தது அதேதான். வரிசையில் கடைசி ஆள் அந்த அக்கா. மழை இறங்கப் போகிறது, கரண்ட் மின்னிக்கொண்டிருக்கிறது, எங்களில் ஒருத்தர் அவசரமாக 'மூடு' அழுத்தினார். வேர்க்கர் மொத்தத்தில் 14-ஐக் கூட்டிவிட்டு, அக்காவின் பேரைப் பழைய ஃபைலில் தேடிக்கொண்டிருந்தது. அந்த லேப்டொப்பில் அது மெதுவான வேலை. அந்த நேரத்தில் ஸ்டொப். பூட்டு திறந்தது. மூடும்போது கணக்கைச் சேமிக்கிற மெயின் த்ரெட் பூட்டு வாசலிலேயே காத்திருந்தது. உள்ளே வந்தது, பாதிக் கணக்கை அப்படியே டிஸ்க்கில் எழுதியது, போய்விட்டது. சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. த்ரெட்டெத் மட்டும் சத்தம் போடாமல் சாகும்படி அமைத்திருந்தார்கள். கணக்கு கெட்டுப்போனதை நாட்கள் கழித்துத்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்பதையும் சன் நிறுவனத்தின் குறிப்பு சொல்லியிருக்கிறது. எங்களுக்கு நாலு நாள்.

அப்படியானால் பூட்டைத் திறக்காமல் கொன்றால்? அதையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1993-ல் வந்த விண்டோஸ் என்டி-யில் இருந்து டெர்மினேட்த்ரெட் என்று ஒரு கட்டளை உண்டு. அது த்ரெட்டை அந்த இடத்திலேயே முடித்துவிடும், பூட்டை விடாது. செத்தவர் கையில் சாவி. மற்றவர்கள் வாசலில் நின்றுகொண்டே இருப்பார்கள், புரோகிராம் உறைந்துவிடும். மைக்ரோசொஃப்ட் தன் சொந்தக் கையேட்டிலேயே அதை ஆபத்தானது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. ஜாவாவின் சஸ்பென்ட்டும் இதே ஜாதிதான். பூட்டோடு உறைந்த ஆளை எழுப்ப வேண்டியவரே அந்தப் பூட்டுக்குக் காத்திருந்தால் இரண்டு பேரும் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

பூட்டை விட்டாலும் தப்பு, விடாவிட்டாலும் தப்பு. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. வெளியிலிருந்து ஒருத்தரை நடுவில் வெட்டினால், எந்தப் பக்கம் வெட்டினாலும் சரியான வெட்டு என்று ஒன்று கிடையாது. ஏனென்றால் எந்த இடத்தில் நின்றால் கணக்கு சரியாக இருக்கும் என்பது உள்ளே வேலை செய்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களில் ஒருத்தருடைய தாத்தா ஸ்டோரில் வேலை செய்தவர். வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தார். "ஸ்டோர எப்பிடி நிப்பாட்டுவோம்னு தெரியுமா? மொதல்ல மேல இருந்து கொழுந்து எறக்குறத நிப்பாட்டணும். ரோலர்ல இருக்குறது முடியணும். புளிக்கப் போட்டது ட்ரையருக்குப் போயி தூளா வெளிய வரணும். ட்ரே காலியானதுக்குப் பொறகுதான் நெருப்பக் கொறைப்போம். ஃபேன் கடைசியா. சூடு ஆறுற வரைக்கும் ஃபேன் ஓடணும்."

"நடுவுல கரண்ட் போனா?"

"போனா போச்சு. புளிக்கிறது நமக்காக நிக்குமா?"

இலையை வாட்டத்தில் பல மணி நேரம் போடலாம். ரோலரில் அரைபட்ட பிறகு அதற்கு ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ட்ரையருக்குப் போகாவிட்டால் அந்தத் தூளுக்கு விலை இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது டீசலும் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தா சொன்ன ஒழுங்கைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைக்கவில்லை. புதிதாக வருவதை முதலில் நிறுத்துகிறார், உள்ளே இருப்பதை முடிக்க விடுகிறார், முடிந்ததா என்று காத்திருக்கிறார். கம்ப்யூட்டர் உலகம் இதே ஒழுங்குக்கு வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பதுதான் மீதிக் கதை.

இதில் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது. ஏனென்றால் சரியான வழி ஜாவாவுக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருந்தது. 1989 ஜனவரியில் டெக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ பிரெல் த்ரெட் வைத்து புரோகிராம் எழுதுவது பற்றி ஓர் அறிமுக அறிக்கை எழுதினார். அதில் அலர்ட் என்று ஒன்றை விளக்குகிறார். நீண்ட வேலையிலோ நீண்ட காத்திருப்பிலோ இருக்கிற த்ரெட்டுக்கு "இனி போதும்" என்று ஒரு தகவல் அனுப்பலாம். அனுப்புவதோடு சரி. அதைப் பார்த்து, தனக்கு வசதியான இடத்தில் பின்வாங்குவது அந்த த்ரெட்டின் பொறுப்பு. 1995-ல் வந்த போசிக்ஸ் த்ரெட் தரமும் கேன்சல் கட்டளையை இரண்டு வகையாக வைத்தது. எங்கேயும் வெட்டுவது ஒன்று. குறிப்பிட்ட சில நிறுத்தங்களில் மட்டும், அதாவது படிக்கும்போது, தூங்கும்போது, காத்திருக்கும்போது மட்டும் நிற்பது மற்றொன்று. இரண்டாவதுதான் இயல்பு நிலை. போகிற போக்கில் பூட்டைத் திறந்து, இடத்தைத் துடைத்துவிட்டுப் போக முன்கூட்டியே எழுதி வைக்கிற துப்புரவு வேலைகளுக்கும் அதில் இடம் இருந்தது. பஸ்ஸில் மணி அடித்தால் அடுத்த ஹோல்ட்டில் நிற்பான், வளைவில் நிற்க மாட்டான், அதே மாதிரி.

ஜாவாவுக்குள்ளும் அந்த அலர்ட் இன்டரப்ட் என்ற பேரில் இருந்தது. ஸ்டொப்பின் பக்கத்தில் அது சோம்பேறி மாதிரித் தெரிந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதிகாரம் கையில் இருக்கும்போது கேட்டு வேலை வாங்குவது நேர விரயம் மாதிரித்தான் தெரியும்.

சரி, கேட்டு நிறுத்துவோம் என்று நாங்களும் இறங்கினோம். அதிலும் மூன்று தடவை விழுந்தோம்.

முதலில் 'நிறுத்து' என்று ஒரு கொடி வைத்தோம். (தமிழில் நிறுத்து என்றால் எடை பார்த்து என்றும் பொருள், ஓட்டத்தை முடி என்றும் பொருள். எங்கள் புரோகிராமில் இரண்டும் ஒரே பேரில் இருந்து ஒரு நாள் முழுக்கக் குழம்பினோம்.) வேர்க்கர் ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்க்க வேண்டும். கொடி ஏறியிருந்தால் வெளியே வர வேண்டும். சோதிக்க ஒரு சின்னச் சுற்று எழுதினோம். கொடியை ஏற்றினோம். வேர்க்கர் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. ஜொஷுவா ப்ளொக் எழுதிய எஃபெக்டிவ் ஜாவா புத்தகத்தில் இதே கூத்து உதாரணமாக இருப்பதைப் பிறகுதான் பார்த்தோம். ஜாவா ஓடும்போதே வேகம் கூட்டுகிற கம்பைலர், "இந்தச் சுற்றுக்குள்ள யாரும் இந்தக் கொடிய மாத்தலியே, ஒவ்வொரு தடவையும் ஏன் பாக்கணும்" என்று முடிவு கட்டிவிடுகிறது. காலையில் நோட்டிஸ் போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டு நாள் முழுக்கத் தலை நிமிராதவன் மாதிரி. கொடிக்கு முன்னால் வொலடைல் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் உண்மையான போர்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, வரிசையில் கொழுந்து இல்லாவிட்டால் வேர்க்கர் அடுத்த பதிவுக்காகத் தூங்கிப் போகும். தூங்குகிறவன் கொடியைப் பார்ப்பானா? இதற்குத்தான் இன்டரப்ட். அது தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி ஒரு விதிவிலக்கைக் கையில் கொடுக்கும்.

மூன்றாவது எங்களுடைய சொந்தப் பாவம். அந்த விதிவிலக்கைப் பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் வெறும் அடைப்புக்குறியை மூடிவிட்டோம். இணையத்தில் பாதி உதாரணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதற்குச் சமம். மேலே சொல்ல வேண்டியவருக்குச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்று அங்கேயே வேலையை முடித்து வெளியேற வேண்டும், இல்லை என்றால் இன்டரப்ட் குறியை மறுபடி ஏற்றி அடுத்தவர் பார்க்க விட வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொருத்தரும் தனித்தனியாக விழுந்து கற்க வேண்டாம் என்றுதான் 2004-ல் ஜாவா 5 வந்தபோது டக் லீ தலைமையில் எழுதிய ஒரு தொகுதியை மொழியோடு சேர்த்தார்கள். அதில் வேலைக் குழுவை மூட இரண்டு கட்டளை உண்டு. ஷட்டவுன் என்றால் புதுசு எடுக்காதே, கையில் உள்ளதையும் வரிசையில் உள்ளதையும் முடி. ஷட்டவுன்நவ் என்றால் வரிசையில் உள்ளதைத் திருப்பிக் கொடு, ஓடுகிறவர்களுக்கு இன்டரப்ட் அனுப்பு. 'நவ்' என்று பேர் இருந்தும் அது கூட யாரையும் கொல்வதில்லை, கேட்கத்தான் செய்கிறது. மூன்றாவது ஒன்று காத்திருப்பதற்கு. தாத்தாவின் ஸ்டோர் ஒழுங்கு அப்படியே.

பிறகு ஒவ்வொரு மொழியாக இந்தப் பக்கம் வந்தது. டொட்நெட்டில் 2010-ல் கேன்சலேஷன் டோக்கன் என்று ஒன்று வந்தது, 2020-ல் வந்த டொட்நெட் 5-ல் பழைய அபோர்ட் கட்டளையைக் கூப்பிட்டால் பிழைதான் வரும். சி ப்ளஸ் ப்ளஸ் 2011-ல் த்ரெட்டைச் சேர்த்தபோது நிறுத்தும் வழியே வைக்கவில்லை, 2020-ல்தான் வைத்தது. அதன் ஜேத்ரெட் தன் ஆயுள் முடியும்போது தானே "நில்" என்று கேட்டு, நிற்கும்வரை தானே காத்திருக்கும். கோ மொழி 2016-ல் கொன்டெக்ஸ்ட்டைச் சேர்த்தது. பைத்தனில் த்ரெட்டைக் கொல்லும் கட்டளையே கிடையாது, ஈவென்ட் ஒன்றை வைத்துக் கேட்க வேண்டியதுதான். ஆண்ட்ராய்டின் சி நூலகத்தில் போசிக்ஸ் கேன்சல் இல்லவே இல்லை. ஜாவாவின் அந்தப் பழைய ஸ்டொப்? 2023 மார்ச்சில் வந்த 20-வது பதிப்பில்தான் அதன் உயிரை எடுத்தார்கள். அதில் கூப்பிட்டால் "இது இங்கே நடக்காது" என்று பிழை வரும். கோடு போட்டதிலிருந்து 24 வருஷம். நடுவில் அதை நம்பி எழுதிய பழைய புரோகிராம்கள் எத்தனையோ இருந்திருக்கும், அதனால் உடனே எடுக்கவும் முடியவில்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் ஒன்றை எடுக்க அவ்வளவு காலம் ஆகிறது.

இதை ஒரு சனிக்கிழமை வகுப்பில் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தோம். இரண்டு ஏடு, ஒன்றில் எழுதியாயிற்று, மற்றதில் எழுதவில்லை, நடுவில் வெட்டு. பின்னால் இருந்த தங்கச்சி ஒருத்தி, "எங்க அப்பாயி மாதிரி" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அப்பாயியின் பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்ததாம். ஆனால் அப்பாயி கடைசிவரை இருந்தது லயத்தில்.

யோசித்தால் அது உண்மைதான். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்தப் 'பிறகு' 1974-ல் வந்தது, ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். இந்தப் பங்கீட்டை மலையகத்தின் பிரதிநிதிகளோடு சேர்ந்து உட்கார்ந்து யாரும் போடவில்லை. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட ஒருத்தருக்கு நடக்க வேண்டியவை பல: அங்கே குடியுரிமை பதியணும், பாஸ்போர்ட் வரணும், கணக்கு முடித்துச் சேமலாபம் வாங்கணும், தலைமன்னாரில் கப்பல் ஏறணும். 1984-ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. அந்த நேரத்தில் யார் எந்தப் படியில் நின்றார்களோ அந்தப் படியிலேயே நின்றுபோனார்கள். ஓர் ஏட்டில் இந்தியர், நடப்பில் நுவரெலியாவில் கொழுந்து எடுக்கிறவர். இங்கே வோட்டு இல்லை, அங்கே வீடு இல்லை. அதைத் துடைத்துச் சரிசெய்யும் சட்டம் 2003-ல் வந்தது, 35-ஆம் இலக்கச் சட்டம். நாடற்றவர்களுக்குக் குடியுரிமையும், இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்கள் விருப்பம் தெரிவித்து இலங்கையர் ஆகும் வழியும் அதில் இருந்தது. கப்பல் நின்று 19 வருஷம் கழித்து.

மனிதர்களை த்ரெட்டோடு ஒப்பிடுவது எங்களுக்கும் உறுத்துகிறது. த்ரெட்டுக்கு வலிக்காது. ஆனால் அந்தத் தங்கச்சி சொன்ன பிறகு, பாதியில் நின்ற கணக்கு என்ற சொல்லை எங்களால் வெறும் டெக்னிக்கல் சொல்லாகப் பார்க்க முடியவில்லை.

எங்கள் புரோகிராமுக்கு வருவோம். இப்போது அது எப்படி மூடுகிறது என்றால், 'மூடு' அழுத்தியவுடன் தராசுப் பக்கம் முதலில் நிற்கும், புது எடை ஏற்காது. தராசு த்ரெட் போகும்போது வரிசையின் கடைசியில் ஒரு வெற்றுப் பதிவைப் போட்டுவிட்டுப் போகும். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு விஷ மாத்திரை என்று பேர். எங்களுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை, கடைசிச் சாக்கு என்று வைத்துக்கொண்டோம். வரிசை வந்த ஒழுங்கிலேயே போவதால், வேர்க்கர் கடைசிச் சாக்கைக் கையில் எடுக்கும்போது அதற்கு முன்னால் வந்த எல்லாம் எழுதி முடிந்திருக்கும். அதைப் பார்த்ததும் தானே வெளியே வரும். மெயின் த்ரெட் ஜொயின் என்று சொல்லி அதற்காகக் காத்திருக்கும், பிறகுதான் ஃபைலைச் சேமிக்கும். காத்திருக்கிற நேரத்தில் திரையில் "இன்னும் 3 பதிவு" என்று காட்டுகிறோம். இல்லாவிட்டால் பொறுமை இல்லாத யாராவது லேப்டொப்பையே மூடிவிடுவார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை.

இதிலும் ஓட்டை இருக்கிறது. தராசு த்ரெட் இரண்டாக ஆனால் யாருடைய சாக்கு கடைசிச் சாக்கு என்று எண்ண வேண்டும். வேர்க்கரே எங்காவது மாட்டிக்கொண்டு வராவிட்டால்? பத்து வினாடி பார்ப்போம், இன்டரப்ட் அனுப்புவோம், இன்னும் பத்து வினாடி பார்ப்போம். அதற்கும் வராவிட்டால் புரோகிராமையே முழுசாக முடித்துவிட வேண்டியதுதான். முழுப் புரோகிராமை முடிப்பது ஒரு த்ரெட்டைக் கொல்வதை விட ஆபத்துக் குறைந்தது என்பது முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. குசினியே போய்விட்டால் பாதி வெந்த கறியைப் பார்த்து ஏமாற உள்ளே யாரும் மிஞ்ச மாட்டார்கள், அதுதான் காரணம். 2008-ல் குரோம் பிரவுசர் டேப்களைத் தனித்தனி புரோசஸ்களாகப் பிரித்து ஓட வைத்ததற்கும் இது ஒரு காரணம். ஒன்று மாட்டிக்கொண்டால் அதை மட்டும் முடிக்கலாம், மற்றவற்றின் நினைவகம் கெடாது.

டிஸ்க்கில் எழுதியது மட்டும் மிஞ்சும். கரண்ட் போனாலும் அதேதான், கரண்ட் யாரையும் கேட்டு நிற்பதில்லை. அதனால் மொத்தமும் ஆள் கணக்கும் இப்போது எஸ்க்யூலைட்டில் ஒரே பரிவர்த்தனையாகப் போகின்றன. இரண்டும் ஏறும், இல்லையென்றால் இரண்டும் ஏறாது. கேட்டு நிறுத்துவதும் வேண்டும், கேட்காமல் நின்றாலும் தாங்குவதும் வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம், ஒரு பின்னேரம் நல்ல மழையில் கரண்ட் போனபோது இரண்டாவதையும் கற்றுக்கொண்டோம்.

அந்த அக்கா இப்போதும் வருகிறார். நிறுத்து முடிந்ததும் துண்டை வாங்கி, லேப்டொப் பக்கமாக வந்து குனிந்து தன் பேரைத் தேடுவார். எழுத்து சின்னது என்று ஒரு தடவை சொன்னார், பெரிதாக்கினோம். துண்டில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்ப்பார். போன கிழமை 16 கிலோ. பார்த்துவிட்டு, துண்டை நாலாக மடித்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போனார். "கொப்பியும் வச்சிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வைத்திருக்கிறோம்.